எழுபத்து நான்கு நிமிடக் காற்று

ஜனவரி 9

தம்பி,

கையெழுத்தைப் பார்த்ததும் யார் என்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி. ஒன்பது வருஷம் கழித்து அண்ணி கடிதம் எழுதுகிறாள் என்றால் சும்மா எழுதமாட்டாள்.

போனில் பேசியிருப்பேன். ஆனால் போன் அடித்தால் உன் அண்ணன் ஓடிவந்து பக்கத்தில் நிற்கிறார். "ஆபீஸா? காத்து வந்துடுச்சா?" என்று கேட்கிறார். அதனால்தான் காகிதம். இதைக்கூட டிப்போவில் சாப்பாட்டு நேரத்தில், பஸ் நேர அட்டவணைக்கு அடியில் ஒளித்து வைத்து எழுதுகிறேன்.

அவருக்கு மறதி நோய். இரண்டு வருஷமாகிறது. முதலில் சாவியை மறந்தார். அப்புறம் தெருவை மறந்தார். இப்போது ஒன்பது வருஷத்தை மொத்தமாக மறந்துவிட்டார். நீங்களெல்லாம் அனுப்பிய அந்தப் பெட்டி சனிக் கிரகத்துக்குள் இறங்கிய நாள் இருக்கிறதே, அதற்கு முந்தின நாளில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கேயேதான் குடித்தனம்.

காலையில் பல் தேய்த்ததும் கேட்பார்: "இன்னைக்குத்தானே இறங்குது?" முதலில் நான் உண்மையைச் சொன்னேன். இறங்கி ஒன்பது வருஷம் ஆகிறது, படமெல்லாம் வந்தது, சூடு குளிர் கணக்கெல்லாம் வந்தது, உங்கள் காற்றுக் கருவி சொன்னது மட்டும் யார் காதிலும் விழவில்லை, அதைக் கேட்கிற ஏற்பியை, அந்த ரிசீவரை, இயக்கும் ஒரு வரியைக் கட்டளையில் விட்டுவிட்டார்கள் என்று. கட்டிலில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் காலையில் அதையும் மறந்துவிட்டு மறுபடி கேட்டார். சொன்னேன். மறுபடி அழுதார். நாம் ஒரு தடவை பட்டதை அந்த மனுஷன் தினமும் புதுசாகப் பட்டார். பன்னிரண்டு நாள் சொன்னேன். பதிமூன்றாம் நாள் எனக்கு வாய் வரவில்லை. "நாளைக்குத்தான் இறங்குது" என்றேன். அன்றிலிருந்து நாளைக்கு, நாளைக்கு என்று வண்டியை ஓட்டுகிறேன்.

யார் விட்டது என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. உனக்காக இல்லை, அவருக்காக.

எனக்கு வேண்டியது இதுதான். பெட்டி இறங்கிய அந்த எழுபத்து நான்கு நிமிஷத்துக்கான காற்றின் எண்களை அனுப்பு. உண்மையானது உலகத்தில் எங்கேயும் கிடையாது என்று எனக்குத் தெரியும். நீயே போட்டு அனுப்பு. இன்னும் ஆறு மாதம் எண்ணும் எழுத்தும் புரியலாம், அதற்குமேல் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அதற்குள் அவர் ஒரு தடவை அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். பதினெட்டு வருஷம் அந்தக் கருவியோடு கிடந்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை என்று யாராவது இழுத்தால், "ஏன் இல்லை, ஒண்ணு வெளியூர் போயிருக்கு, போய்ச் சேர ஏழு வருஷம் ஆகும்" என்பார்.

நீ எனக்குக் கொடுக்க வேண்டிய கடன் எதுவும் இல்லை. அவருக்கு உண்டு.

அண்ணி


ஜனவரி 27

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நான் எழுதிய பதில்களைத்தான் நாலு தடவை கிழித்தேன்.

அண்ணனைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. விசாரணைக் குழு முன்னால் அவர் எழுந்து நின்று, "வரியை விட்டது என் தம்பி. அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டது நான்" என்று சொன்னாரே, அதுதான் நான் கேட்ட அவருடைய கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி விசாரிக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

நீங்கள் கேட்டதை என்னால் செய்ய முடியாது அண்ணி. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நம்மைத் தாண்டிப் போனால் சத்தம் சட்டென்று இறங்கும் இல்லையா, அந்த இறக்கத்தை வைத்தே பஸ் எவ்வளவு வேகத்தில் போனது என்று சொல்லிவிடலாம். அண்ணனின் கருவி அவ்வளவுதான். பெட்டி பாராசூட்டில் தொங்கிக்கொண்டு இறங்கும்போது ஒரே சுருதியில் கத்திக்கொண்டே இருக்கும். காற்று அதைத் தள்ளத் தள்ளச் சுருதி மாறும். சனியின் நடுக்கோட்டுப் பக்கம் காற்று மணிக்கு ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் அடிக்கிறது. மேலே அப்படி அடிப்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே போகப்போக அடங்குகிறதா, இன்னும் வலுக்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு நான் ஒரு பதிலை இட்டுக்கட்டினால், அவர் பதினெட்டு வருஷம் கேட்ட கேள்வியையே நான் கேலி செய்ததாக ஆகிவிடும்.

நான் இப்போது ஆன்டெனா நிலையத்தில் இருக்கிறேன். கட்டளை எழுதும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், கலம் பேசுவதைக் கேட்கும் வேலைதான். சுற்றிலும் வெறும் பொட்டல். ஒரு அறை, இரண்டு திரை, தினமும் ஒரே மாதிரி டீ. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன தாய்க்கலம் இன்னும் சனியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது பேசுவது எங்களுக்குக் கேட்க ஒரு மணி இருபது நிமிஷம் ஆகிறது. போன வாரம் வளையத்தைப் பக்கவாட்டில் படமெடுத்து அனுப்பியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பூமியை இருபது தடவைக்கு மேல் வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு அகலம். தடிமனோ பல இடங்களில் ஒரு மூன்று மாடி வீட்டு உயரம்தான். பக்கவாட்டில் பார்த்தால் முடி மாதிரி ஒரு கோடு. அத்தனையும் பனிக்கட்டித் துண்டுகள். தூசியளவும் உண்டு, வீடளவும் உண்டு.

அந்தப் படத்தைப் பார்த்தபோது அம்மா நினைவு வந்தது. எங்கள் இரண்டு பேரையும் "சனியனே" என்றுதானே திட்டுவார். திட்டு வாங்கின பெயரையே சம்பளம் வாங்குகிற பெயராக ஆக்கிவிட்டோம் என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

கலத்தில் எரிபொருள் தீரப்போகிறது. ஜூலையில் அதைச் சனிக்குள்ளேயே விழவைக்கப் போகிறார்கள். சும்மா விட்டால் அங்கே இருக்கிற நிலாக்களில் ஏதாவது ஒன்றில் போய் மோதும். சிலவற்றில் பனிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது, நம் அழுக்கு அதில் கலக்கக் கூடாது என்று.

அவர் சாப்பிடுகிறாரா? நடக்கிறாரா? எழுதுங்கள்.

தம்பி


பிப்ரவரி 6

தம்பி,

நீ பெரிய அரிச்சந்திரன். சந்தோஷம்.

நேற்று நான் டிப்போவுக்குக் கிளம்பிய பிறகு உன் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, பழைய ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றிருக்கிறார். வெயிலில் மூன்று மணி நேரம். வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி, "ஆராய்ச்சிக் கூடம் போகுமா? இன்னைக்கு இறங்குது, நான் போகலைன்னா யாரும் காத்தைப் பார்க்க மாட்டாங்க" என்று கேட்டிருக்கிறார். யாரோ சிரித்திருக்கிறார்கள். கடைசியில் எங்கள் டிரைவர் ஒருவர் அடையாளம் கண்டு, கையைப் பிடித்து என் மேஜைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்து, "மேடம், அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?" என்றார்.

முப்பத்தோரு வருஷமாகப் பஸ் நேரம் போடுகிறேன். தண்ணீரைக் கையில் கொடுத்து, "நாளைக்குத்தான்" என்றேன்.

உன் நியாயத்தை நீயே வைத்துக்கொள். நான் கல்யாணமாகி வந்தபோது உனக்குப் பதினாலு வயசு. உனக்கு ஜுரம் வந்தால் அவர் ராத்திரி முழுக்க முழித்திருந்து, காலையில் உன்னிடம் "நல்லா தூங்கினேன்டா" என்று பொய்தான் சொல்வார்.

அண்ணி


பிப்ரவரி 24

அண்ணி,

இத்துடன் பதினோரு தாள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு விநாடிக்கும் எண் போட்டிருக்கிறேன். மேல் மேகத்தில் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில் ஆரம்பித்து, உள்ளே போகப்போகக் கொஞ்சம் கூடி, பிறகு நிலைக்கிறது. அண்ணன் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். அவர் நினைத்தபடியே இருக்கட்டும் என்று போட்டுவிட்டேன். ரொம்பச் சுத்தமாக இருந்தால் சந்தேகம் வரும் என்று அங்கங்கே இரைச்சலும், அதாவது எண்களில் சின்னச் சின்னத் தாறுமாறும், கலந்திருக்கிறேன். பழைய மாதிரியே தலைப்பு, பழைய எழுத்து. இரண்டு வாரம் டியூட்டி முடிந்து உட்கார்ந்து செய்தேன்.

கொடுத்ததும் எப்படி இருந்தார் என்று எழுதுங்கள். யார் அனுப்பியது என்று சொல்லவேண்டாம்.

பஸ் ஸ்டாப் விஷயத்தைப் படித்த பிறகு என்னால் இங்கே உட்காரவே முடியவில்லை.

தம்பி


மார்ச் 14

தம்பி,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஒன்றையும் விடாமல்.

கவரைக் கையில் கொடுத்து, "வந்துடுச்சு" என்றேன். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. போய்க் குளித்துவிட்டு, முகச்சவரம் செய்துகொண்டு, ஜன்னல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துப் பார்த்தார். என் பெயரை மறந்த மனுஷன் அண்ணே! — பார், உன்னைப் போய் அண்ணே என்கிறேன், எனக்கும் புத்தி பேதலித்துவிட்டது — அந்த மனுஷன் எண்களைத் தடுமாறாமல் வாசித்தார். நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்து, "பாத்தியா, உள்ளே அடங்கலை" என்றார். கண்ணெல்லாம் ஈரம். மூன்று நாள் வீட்டில் அப்படி ஒரு அமைதி. மறுநாள் மறந்துவிடுவாரோ என்று பயந்தேன். மறந்தார்தான். ஆனால் தாள் மேஜையில் இருந்தது. தினமும் காலையில் பார்த்து, தினமும் புதுசாகச் சந்தோஷப்பட்டார். உன்னை மனசுக்குள் வாழ்த்தினேன்.

நாலாம் நாள் ஐந்தாவது தாளில் நின்றுவிட்டார். பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"இது ஆடவே இல்லை" என்றார்.

"எது?"

"பெட்டி. பாராசூட்டுல தொங்கிட்டு இறங்குது. ஊஞ்சல் மாதிரி ஆடணும். அந்த ஆட்டம் எண்ல தெரியணும். இது இரும்புக் கம்பியில கட்டி இறக்கின மாதிரி இறங்கியிருக்கு. அப்படி ஒரு பெட்டி கிடையாது. யாரோ உக்காந்து போட்டிருக்காங்க."

அவரே உன் செல்லப் பெயரைச் சொல்லி மெதுவாகத் தொடர்ந்தார்: "சுண்டு வேலை இது. இரைச்சலை அவன்தான் இப்படி ஒரே சீரா போடுவான். பையன் எதையோ விட்டுட்டான். பயந்துபோய் எண் போட்டு அனுப்பியிருக்கான்."

கத்தப் போகிறார் என்று நினைத்தேன் தம்பி. தாள்களை அடுக்கி, என் கையில் கொடுத்து, "யார்கிட்டயும் காட்டாதே. அவன் வேலை போயிடும்" என்றார். பிறகு காகிதம் கேட்டார். ஒரு மணி நேரம் எழுதினார். எழுத்து ஏறியும் இறங்கியும் இருந்தது. அதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"விசாரணைக் குழுத் தலைவர் அவர்களுக்கு. இரண்டாம் ஏற்பியை இயக்கும் வரி விடுபட்டதற்கு நானே பொறுப்பு. பட்டியலைச் சரிபார்த்த அன்று வாசித்தது நான். தாளைப் பார்த்து வாசிக்கவில்லை. எனக்கு மனப்பாடம். தாளில் இல்லாத வரியையும் சேர்த்து வாசித்துவிட்டேன். நான் வாசித்ததற்குத் தம்பி குறி போட்டான். அவனை வேலையை விட்டு எடுக்க வேண்டாம்."

கீழே கையெழுத்து.

இதைக் கொண்டுபோய் உடனே ஆபீஸில் கொடு என்று என்னைக் கிளப்பிவிட்டார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, கொடுத்துவிட்டேன் என்றேன்.

இப்போது நீ சொல். இது என்ன? உன்னைக் காப்பாற்ற அவர் இட்டுக்கட்டினதா? அல்லது இப்படித்தான் நடந்ததா?

அண்ணி


மார்ச் 29

அண்ணி,

இப்படித்தான் நடந்தது.

கட்டளைப் பட்டியல் தயாரானதும் இரண்டு பேர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். ஒருவர் தாளைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் தன்னிடம் இருக்கும் பிரதியில் குறி போடுவார். வாசிப்பவர் கண் தாளை விட்டு நகரக் கூடாது என்பது விதி. அண்ணனுக்கு அந்தப் பட்டியல் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி கடகடவென்று சொன்னார். எனக்கு அது அவ்வளவு பெருமையாக இருந்தது. அறுபத்து மூன்றாவது வரி, "இரண்டாம் ஏற்பி, இயக்கு" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே குறி போட்டேன். என் பிரதியிலும் அந்த வரி இல்லை. பட்டியலைச் சுருக்கும்போது நான்தான் அதைத் தவறுதலாக வெட்டியிருந்தேன். அடுத்த வரிக்குப் பக்கத்தில் இரண்டு குறி இருந்தது. அதைப் பெட்டி இறங்கிய மறுநாள்தான் கவனித்தேன்.

வெட்டியது நான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெட்டினது தெரிந்துவிடும் என்றுதானே சரிபார்ப்பு. அன்று வேறு யாராவது தாளைப் பார்த்து வாசித்திருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும்.

குழு முன்னால் நான் இதைச் சொல்லவில்லை. பதினெட்டு வருஷத்தை ஒரே நாளில் இழந்துவிட்டு நிற்கிற மனுஷனிடம், இதில் உனக்கும் பங்கு உண்டு என்று எப்படிச் சொல்வது? அவருக்கு அது தெரியாது என்றே நினைத்திருந்தேன். தெரிந்தால் தாங்கமாட்டார், என்னைத் திட்டிக்கொண்டிருந்தாலாவது நிமிர்ந்து நிற்பார் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நான் அனுப்பிய பொய் எண்களைப் பார்த்து அந்த ஒரு நாளில் அவர் இதையெல்லாம் கண்டுபிடித்தாரா? இல்லை, ஒன்பது வருஷமாகவே தெரியுமா? அவரிடமே கேட்கலாம் என்றால், எந்த அண்ணனிடம் கேட்பது?

தம்பி


ஏப்ரல் 10

தம்பி,

தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் டிப்போவில் தப்புத் தப்பாக நேரம் போட்டேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. காலையில் நான் சமைக்கும்போது அவர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவார், உனக்கு நினைவிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை. அந்தப் பெட்டி இறங்கிய வாரத்தில் அதை நிறுத்தினார். அதற்குப் பிறகு எதையும் சத்தம் போட்டு வாசித்ததில்லை. மருந்துச் சீட்டைக்கூட என்னிடம் நீட்டிவிடுவார். நான் துக்கம் என்று நினைத்தேன். கண்ணாடி மாற்ற வேண்டுமா என்றுகூடக் கேட்டேன்.

எனக்கு உங்கள் இரண்டு பேர் மீதும் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவர் உன் பெயரைச் சொன்னார், தன் பெயரைச் சொல்லவில்லை. அது கோழைத்தனம். நான் கட்டிக்கொண்ட மனுஷன், இருந்தாலும் சொல்கிறேன். நீயும் பெரிய தியாகி மாதிரி வாயை மூடிக்கொண்டு பொட்டலில் போய் உட்கார்ந்துகொண்டாய். நடுவில் நான் ஒருத்தி இருந்தேன், ஒரு தம்பியை வளர்த்துவிட்டு அவனை ஒன்பது வருஷம் வெறுத்துக்கொண்டு. உன் பிறந்தநாள் வரும்போதெல்லாம் வேண்டுமென்றே துக்க வீடு மாதிரி வீடு கழுவினேன்.

சரி, போனது போகட்டும் என்று எழுத எனக்கு வரவில்லை. போனது போகவில்லை. ஆனால் நீ வா. இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் காற்றைக் கேட்பதில்லை. "சுண்டு எங்கே? சாப்பிட்டானா?" என்றுதான் கேட்கிறார். வாசலில் யார் செருப்பு சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்க்கிறார். இன்றைக்கு நீ வந்து நின்றால் அவருக்குத் தெரியும். அடுத்த மாதம் என்று சொல்லாதே.

அண்ணி


ஏப்ரல் 26

அண்ணி,

உங்கள் கடிதம் வந்த அன்றே பையை எடுத்து வைத்தேன். பிறகு வெளியே எடுத்தேன். காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

கலம் இப்போது வளையத்துக்கும் கிரகத்துக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நுழைந்து நுழைந்து வெளியே வருகிறது. இதுவரை யாரும் போகாத இடம். தூசி வந்து அடித்து உடைத்துவிடும் என்று எல்லோரும் பயந்தோம். நுழைந்தபோது ஒன்றுமே இல்லை, அவ்வளவு வெறுமை. ஜூலை பதினெட்டாம் தேதி கடைசித் தடவை. நேராக மேகத்துக்குள் விழும். விழும்போதும் அது நம்மோடு பேசிக்கொண்டிருக்கும், அதன் ஆன்டெனா பூமியை விட்டுத் திரும்பிப்போகிற வரைக்கும். ஒரு நிமிஷம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றரை நிமிஷம். அந்தச் சுருதி எப்படி மாறுகிறது என்று நான் இங்கிருந்தே பிடித்துவிடலாம். அண்ணனின் கருவி இல்லாமலேயே, அவருடைய முறையில். பெரிய இடத்தில் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன்.

நிஜமான காற்று அண்ணி. எழுபத்து நான்கு நிமிஷம் இல்லை, ஆனால் நிஜம். வெறும் கையோடு வந்து அவர் முன்னால் எப்படி நிற்பேன்? இதைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன். மூன்று மாதம்தானே.

தம்பி


ஜூன் 2

தம்பி,

அவர் உன் காற்றுக்காகக் காத்திருக்கவில்லை. உனக்காகக் காத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு இதுகூடவா புரியாது?

போன வாரம் இரண்டு நாள் உன்னைக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டார். நேற்று கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு அது எதற்கு என்று பார்க்கிறார்.

எழுத வேறெதுவும் இல்லை. வா.

அண்ணி


ஜூலை 29

அண்ணி,

நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ஸ்டேஷனில் நீங்கள் கட்டிக்கொடுத்ததை ரயிலிலேயே சாப்பிட்டேன்.

அங்கே இருந்த நாலு நாளில் நீங்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஜூன் மாதமே வந்திருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டீர்கள். நிறுத்தியிருக்க வேண்டாம். வந்து வாசலில் நின்றபோது அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, குழாய் ரிப்பேருக்கு வந்தவனுக்கு வழிவிடுகிற மாதிரி நாற்காலியை நகர்த்தினாரே, அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். எனக்காக நீங்கள்தான் அழுதீர்கள். எனக்கு அழுகை வரவில்லை.

எண்பத்து மூன்று விநாடி கிடைத்தது. அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தபோது நீங்களும் இருந்தீர்கள். கலம் தடுமாறியது, சமாளித்தது, கடைசியில் திரும்பிப்போனது எல்லாம் அந்த எண்களில் இருக்கிறது. மார்ச் மாதத்து அண்ணனாக இருந்திருந்தால்கூட ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். அவர் அதை நாலாக மடித்து, ஓரங்களை நகத்தால் நீவி, ஜன்னல் கட்டையின் இடுக்கில் செருகினார். காற்று வராமல் இருக்க என்று நினைக்கிறேன். உங்களுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்ததே, அதற்காக நான் வெட்கப்படவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. அதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசி நாள் நீங்கள் மருந்துக் கடைக்குப் போன அரை மணி நேரத்தில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலையத்து அட்டை என் சட்டைப் பையில் குத்தியிருந்தது. திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க ஆபீஸ்லேர்ந்து வரீங்களா?"

ஆமாம் என்றேன்.

"விசாரணைக்கா?"

தலையை ஆட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும்.

"அவனை ஒண்ணும் பண்ணிடாதீங்க. சின்னப் பையன். நான் வாசிச்சேன், அவன் குறி போட்டான். அவ்வளவுதான் நடந்தது. நான் அன்னைக்கே எழுந்து சொல்லியிருக்கணும். எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க. வாய் வரலை."

அண்ணா என்று தொண்டை வரைக்கும் வந்தது அண்ணி. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரோ ஒரு நரைத்த ஆள் தன்னை அண்ணா என்கிறான் என்று பயந்திருப்பார். பிடித்த கையை விட்டிருப்பார். ஒன்பது வருஷமாக நான் அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன். அவர் ஆபீஸிலிருந்து ஒரு வார்த்தைக்குக் காத்திருந்திருக்கிறார். என்னால் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான்.

"ஒண்ணும் பண்ணமாட்டோம் சார்" என்றேன்.

"எழுதிக் குடுங்க."

மேஜையில் இருந்த உங்கள் டிப்போ தாள் ஒன்றின் பின்பக்கத்தில், "விசாரணை முடிந்தது. தம்பி மீது தவறு இல்லை. வேலையில் தொடரலாம்" என்று எழுதினேன். என்னை நானே விடுதலை செய்துகொண்ட மாதிரி. கீழே கையெழுத்துக் கேட்டார். போட்டேன். என் கையெழுத்தைத்தான் போட்டேன், அவருக்கு அது அடையாளம் தெரியவில்லை. அதை வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தார். முகம் தெளிந்தது. பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இதை அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டான்."

"சொல்லிடறேன் சார்" என்றேன்.

அந்தத் தாள் அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டைப் பையில் இருக்கிறது. துவைக்கப் போடும்போது மறக்காமல் எடுத்து வையுங்கள்.

சுண்டு